வாசிக்காமல் நின்றவர்கள்

பத்தொன்பது வயதிலிருந்து முப்பது வயது வரை திண்டுக்கல்லில் ஒரு பேண்டு செட்டில் நான் சாக்ஸபோன்காரனாக இருந்தேன். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு சத்தம்கூட எழுப்பியதில்லை. கல்யாண வீட்டார் கௌரவத்துக்காக இருபத்தொரு ஆள் பேண்டு வேண்டும் என்பார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் செட்டில் பன்னிரண்டு பேர்தான். மீதி ஒன்பது பேருக்குச் சிவப்புக் கோட்டு, தொப்பி, கையில் ரிப்பேரான வாத்தியம் ஒன்று. எங்களுக்கு டம்மி என்று பேர். கோட்டு என் தோளுக்குச் சரியாக இருந்தது, அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் இசை வாழ்க்கை அப்படித்தான் ஆரம்பித்தது.

என் சாக்ஸபோனுக்கு ரீட் கிடையாது. வாய் வைக்கும் இடத்தில் கட்டுகிற நாணல் சீவல் அது; அது இல்லாவிட்டால் எவ்வளவு ஊதினாலும் காற்றுதான் வரும். அதையும் மீறி ஏதாவது கத்திவிடக் கூடாதென்று குழலின் வாய்க்குள் பழைய துணியைத் திணித்திருப்பார்கள். டம்மி வேலை லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். கன்னத்தை உப்ப வைக்க வேண்டும். பக்கத்தில் நிஜமாக வாசிப்பவனின் விரலைப் பார்த்து நம் விரலும் ஓட வேண்டும். அவன் மூச்சு வாங்கும்போது நாமும் வாங்க வேண்டும். மூக்கு அரித்தாலும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் மாஸ்டர் பின்னாலிருந்து முட்டியில் ஒரு தட்டுத் தட்டுவார்.

மாஸ்டர்தான் செட்டுக்கு முதலாளி, ட்ரம்பெட் வாசிப்பவரும் அவரே. எனக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று அவரிடம் கேட்காத வருடமில்லை. "அடுத்த சீசன் பாப்போம்டா அப்பு" என்பார். பன்னிரண்டு பேர் சம்பளத்துக்கு நிற்கும்போது பதின்மூன்றாவது ஆளை உருவாக்க அவருக்கென்ன தலையெழுத்தா? இப்போது எனக்கு அது புரிகிறது. அப்போது புரியவில்லை, கோபம்தான் வந்தது. ஊர்வலம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒரு மாமா வந்து தோளைத் தட்டி, "நல்லா ஊதுனப்பா" என்பார். நான் சோற்றைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

முப்பது வயதில் செட்டைவிட்டு விலகி, பழைய சாக்ஸபோன் ஒன்றை மதுரையில் வாங்கினேன். விரல்களுக்கு எல்லாப் பாட்டும் தெரிந்திருந்தது. வாய்க்கு ஒன்றுமே தெரியவில்லை. ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்று, வண்டி போகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி ஊதிப் பழகினேன். உதடு படிய இரண்டு வருடம் ஆயிற்று. பகலில் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் சென்டரில் மனுவும் பிரமாணப் பத்திரமும் அடித்துக்கொடுத்தேன். இன்றைக்கும் அதே வேலைதான், டைப்ரைட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர்.

அதற்குள் கல்யாண வீடுகளுக்குச் செண்டை மேளமும் டிஜேயும் வந்து, மாஸ்டரின் செட் கலைந்து போனது. ஒருநாள் அவரே என் சென்டருக்கு வந்து, "ஒனக்கு வாசிக்க வருதாமே, சேந்து ஏதாச்சும் பண்ணுவோம்லே" என்றார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தனியாக ஊதிக்கொண்டிருப்பது அலுத்துவிட்டிருந்தது.

இப்படித்தான் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். கிறிஸ்தவக் கல்யாண வரவேற்புகளில் வாசித்தோம். கொடைரோடு பக்கம் நான்குவழிச் சாலையோரம் ஒரு ரிசார்ட் இருக்கிறது. மலைக்குப் போகிற கார்கள் சாப்பிட நிறுத்துகிற இடம். அதன் மேனேஜர் பெங்களூரில் படித்த இளைஞர். ஒரு வரவேற்பில் எங்களைக் கேட்டுவிட்டு, "நீங்க வாசிக்கிறது கிட்டத்தட்ட ஜாஸ் சார்" என்றார். எங்களுக்கே அது தெரியாது. ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொன்னார். அவர் போனில் அனுப்பியதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகினோம்.

முதல் மாதம் ஒரே ரகளை. ஊர்வலத்தில் வாசிப்பவனுக்கு ஒரு விதி உண்டு: சத்தம் நிற்கவே கூடாது. சத்தம் நின்றால் நடக்கிற கூட்டம் நின்றுவிடும். அதனால் எல்லாரும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றாக அடித்து நொறுக்கினோம். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர் ஓடி வந்து, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் விட்டுக்கொடுத்து நிற்க வேண்டும் என்றார். மாஸ்டருக்கு வந்ததே கோபம். "மத்தவன் சும்மா நிக்கவா? சும்மா நிக்கிறதுக்கு எதுக்குய்யா ஆளு?" என்று கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

எப்படியோ மூன்று வருடம் ஓட்டிவிட்டோம். போன பங்குனியில் மேனேஜர் ஒரு சேதி சொன்னார். சாப்பாட்டுக் கூடத்தில் எங்களைப் பற்றி ஒரு போர்டு வைக்கப் போகிறார்கள்; ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தார், என்னென்ன செய்தார் என்று பத்து வரி வேண்டும். அத்தோடு இனிமேல் வருடத்துக்கு ஒப்பந்தம் போடுவார்களாம். "ட்ரம்பெட் கண்டிப்பா இருக்கணும் சார். மாஸ்டர் மூணு வாரமா வரல. அவரால முடியலன்னா மதுரையிலருந்து வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார். மாஸ்டர் சளி என்று சொல்லியிருந்தார். போர்டுக்கு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. மனு எழுதுகிறவன் இதையும் எழுதுவான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

முதலில் பாயைப் பார்க்கப் போனேன். டிரம்ஸ் அடிப்பவர். பேகம்பூரில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருக்கிறார். வாலிபத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஊர் ஊராகப் போனவர், கல்யாணமானதும் நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "தூக்கம்ணே. பகல்ல தைக்கணும்ல?" என்றார். அதற்குமேல் கதையில்லை. கடை போன் நம்பரையும் போர்டில் போட முடியுமா என்று மட்டும் கேட்டார்.

பாஸ் கிடார் வாசிப்பவர் சின்னாளபட்டி நெசவுக் குடும்பம். இப்போது கூரியர் ஆபீசில் இருக்கிறார். தறியின் தாளம் அவர் ரத்தத்தில் ஓடுகிறது என்று எழுதச் சொல்லி மேனேஜர் ஆசைப்பட்டார். அதை அவரிடம் சொன்னேன். "தறிச் சத்தம் கேட்டா எனக்கு இடுப்புத்தான் வலிக்கும். வேணும்னா அதப் போடச் சொல்லுங்க" என்றார். தறிக்குழியில் உட்காராமல் தப்பிக்கத்தான் கிடாரைத் தூக்கியிருக்கிறார்.

கீபோர்டு வாசிப்பவர் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் பாடகர் குழுவுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசிக்கிறார். எந்தப் பாட்டாக இருந்தாலும் கடைசியில் 'ஆமென்' போல இரண்டு கட்டையை அழுத்தி முடித்தால்தான் அவருக்கு நிம்மதி. மேனேஜர் அதை ஏதோ புதுப் பாணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

கடைசியாக மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மகன் வீட்டில் முன்னறையில் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. பிற்பகல் நேரம். நான் நோட்டைத் திறந்ததும் மனிதர் ஒரு மணி நேரம் பேசினார். அப்பா கிராமத்து மாதா கோயிலில் மணி அடித்தவர். பங்குச் சாமியார் வரவழைத்த வாத்தியங்களில் மிச்சமாகக் கிடந்தது ட்ரம்பெட், அதனால் பத்து வயதில் அது இவர் கைக்கு வந்தது. பதினெட்டு வயதில் சர்க்கஸ் பேண்டில் சேர்ந்து மூன்று வருடம் ஊர் சுற்றினார். அங்கே படித்த பாடம் ஒன்றுதான் என்றார்: மேலே ஊஞ்சலிலிருந்து யார் விழுந்தாலும் வாசிப்பை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கூட்டம் பயந்துவிடும். இரண்டு பேர் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே வாசித்தாராம்.

"என்னையப் பத்தி என்ன போடட்டும் மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"என் செட்டுல பதினோரு வருசம் சாக்ஸ் வாசிச்சான்னு போடு."

"வாசிக்கல. பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

அவர் சிரித்தார். அப்போதுதான் அவர் வாயைக் கவனித்தேன். மேல்வரிசைப் பற்கள் ஒழுங்காக, வெள்ளையாக, யாருடையதோ போல இருந்தன. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். எழுந்து ட்ரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்து அழுத்தினார். பல்செட்டு நகர்ந்தது. ஒரு ஓரமாகக் காற்று கசிந்தது, அவ்வளவுதான். இரண்டாவது தடவையும் வைத்துப் பார்த்தார்.

"சளியெல்லாம் இல்லலே. சுகர். முன்னாடி நாலு பல்லையும் பிடுங்கிட்டான். ஆறு மாசம் போனா செட்டாகும்ங்கிறான். ஆறு மாசத்துல ஒதடு மறந்துரும்" என்றார்.

நான் நோட்டை மூடினேன். மதுரையிலிருந்து வேறு ஆளைப் பார்க்கலாம் என்று மேனேஜர் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம ஒண்ணுதாம்லே எனக்கு இருக்கு. அன்னைக்குத்தான் இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய வாரேன். மத்த நாளெல்லாம் இந்த வீட்டுல நான் ஒரு நாற்காலி" என்றார். குரலைத் தாழ்த்தி, "நான் சும்மா பிடிச்சிக்கிட்டு நின்னுக்கிறேன். நீங்க வாசிங்க. பல்லு செட்டாகுற வரைக்கும்" என்றார்.

மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபது வருடமாக எதற்கென்று தெரியாமல் காத்திருந்தது வந்து கையில் விழுந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் தெருமுனை வரைக்கும்கூட வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் அசந்து போனது.

மற்றவர்களிடம் சொன்னேன். டீச்சரின் கீபோர்டில் ட்ரம்பெட் சத்தத்துக்கு ஒரு பட்டன் இருக்கிறது. வலது கையால் அதை வாசித்துக்கொண்டால் சாப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. "இது பொய்யில்லையா தம்பி?" என்று டீச்சர் கேட்டார். பொய்தான் டீச்சர் என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அந்தப் பட்டன் எங்கே என்று தேடினார். பாய் மட்டும், "மாஸ்டரா? சும்மா நிக்கவா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

முதல் ஞாயிறு மாஸ்டரைச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குக் கூட்டிப்போனேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றோம். எப்படி நிற்க வேண்டும், டீச்சரின் கையைப் பார்க்காமல் காதால் எப்படிப் பின்தொடர வேண்டும், எங்கே மூச்சு வாங்குவது போல் தோளைத் தூக்க வேண்டும் என்று சொன்னேன். இம்புட்டு இருக்கா இதுல என்று கேட்டார். இருக்கு மாஸ்டர் என்றேன்.

கூடத்தில் வாசிக்க நின்றபோது அவருக்கு அது வரவில்லை. விரல்கள் சரியாகத்தான் போயின. ஆனால் ஊதாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம், பாட்டு உச்சிக்குப் போகும்போது தன்னையறியாமல் ஊதிவிடுவார். புஸ் என்று ஒரு சத்தம். முன் மேசையில் ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். இடைவேளையில் நான் என் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். எதற்கென்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான்காக மடித்து, தன் ட்ரம்பெட்டின் வாய்க்குள் அவரே திணித்துக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சாக்ஸபோனைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இரண்டாவது ஞாயிறும் மூன்றாவது ஞாயிறும் பரவாயில்லை. மேனேஜருக்குச் சந்தேகம் வரவில்லை. போர்டும் வந்துவிட்டது. ஐந்து பேர் படம், கீழே நான் எழுதியது. மாஸ்டருக்குத்தான் அதிக வரிகள். கோயில், சர்க்கஸ், கல்யாணம் எல்லாம் எழுதியிருந்தேன். என்னைப் பற்றி, பேண்டு செட்டில் பதினோரு வருடம் இருந்தவர் என்று மட்டும் போட்டேன். ஒப்பந்தத்தில் மாஸ்டர்தான் முதல் கையெழுத்துப் போட்டார்.

நான்காவது ஞாயிறு கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வாசித்து முடித்ததும் அந்த வீட்டுப் பெரியவர் கை கழுவிவிட்டு நேராக மாஸ்டரிடம் வந்தார். அவரது இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, என்ன வாசிப்புங்க! அந்த ட்ரம்பெட்டக் கேட்டுட்டுச் சாப்பாடே இறங்கலீங்க. கடவுள் உங்களுக்கு நல்ல மூச்சக் குடுத்திருக்காரு" என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அந்த மனிதருக்கு. டீச்சர் கீபோர்டு உறையை இழுத்து மூடுவதில் மும்முரமாக இருந்தார். மாஸ்டர் கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை. "நன்றிங்க" என்றார். பிறகு தலையை ஆட்டினார்.

திரும்பும்போது வேனில் மாஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாக அவர் முன்சீட்டில்தான் உட்காருவார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பாயும் சின்னாளபட்டிக்காரரும் தூங்கிவிட்டார்கள். செம்பட்டி பிரிவுப் பலகையைத் தாண்டினோம். அம்பாத்துரை வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, அந்தக் காலத்துல ஒன்ன இப்படி யாராச்சும் வந்து பாராட்டியிருக்காங்களா?"

"நெறையத் தடவ மாஸ்டர். பந்தியில வந்து சொல்லுவாங்க."

"நீ என்ன சொல்லுவ?"

"தலையாட்டுவேன்."

அவர் மடியில் ட்ரம்பெட் பெட்டி இருந்தது. அதன் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "பதினோரு வருசம்ல. போகப் போகப் பழகிருச்சா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர் கேட்க வேண்டும் என்று எத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். ரயில் தண்டவாளத்துப் பக்கம் நின்று ஊதிய காலத்தில் இதற்கான பதில்களை வாய்விட்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நீளநீளமான பதில்கள். வேனில் அத்தனையும் தேவைப்படவில்லை.

"இல்ல மாஸ்டர். கடைசி வரைக்கும் பழகவே இல்ல" என்றேன்.

"ம்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் அவர் தெரு வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஜன்னல் வழியாக என் கையை ஒரு தட்டுத் தட்டி, "வாரேன்லே" என்றார்.

அடுத்த ஞாயிறு வேன் அவர் தெருமுனையில் கால் மணி நேரம் நின்றது. அவர் வரவில்லை, போனை எடுக்கவில்லை. ரிசார்ட்டுக்குப் போனபோது மேனேஜருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாஸ்டர் வெள்ளிக்கிழமையே அவருக்குப் போன் செய்திருக்கிறார். பல் போய்விட்டது, ஒரு மாதமாகத் தான் வாசிக்கவில்லை, சும்மா நின்றது தன் யோசனைதான், மற்றவர்கள் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கிறார். மதுரையிலிருந்து ஆள் வருவாரா என்று கேட்டேன். "வேணாம் சார். டீச்சர் கீபோர்டுலயே அந்தச் சத்தம் வருதே, அதுவே போதும். நாலு பேரா வாங்க" என்றார் மேனேஜர். நல்ல பிள்ளை. ஒப்பந்தத்தைக்கூட ரத்து செய்யவில்லை. போர்டை மட்டும் புதிதாக எழுதித் தரச் சொன்னார். சென்டரில் உட்கார்ந்து மாஸ்டரின் வரிகளை நான்தான் எடுத்தேன். அவர் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஜனங்கள் சாப்பிடுகிறார்கள், மலைக்குப் போகிறார்கள்.

இரண்டு தடவை அவரைப் பார்க்கப் போனேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கேன்லே என்றார். மருமகள் காபி கொடுத்தாள். வருத்தம் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அழுக்கு வேட்டி கட்டியிருந்தார், முகச்சவரம் செய்திருக்கவில்லை.

"பழகிரும் மாஸ்டர்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் இந்த ஞாயிறும் இஸ்திரி போட்ட சட்டையோடு தெருமுனையில் நின்றிருப்பார். அவரை நான் பழிவாங்கவில்லை, கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். உண்மைதான். ஆனால் அதைச் சொன்னபோது என் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மாஸ்டருக்குப் பல்தான் போயிருந்தது, காது நன்றாகக் கேட்கும்.